வலது காலின் கீழ் ஒரு பிரேக்

பிப்ரவரி 4

பொடிசு,

இடது கை எழுத்து. கோணல். பொறுத்துப் படி.

நான் சாகவில்லை. அதைச் சொல்லத்தான் இது.

பக்கத்துக் கட்டில் அம்மா தாள் கொடுத்தாள். பழைய போஸ்ட் மாஸ்டர். கவர் அவள் ஒட்டுவாள். மூன்று நாளாக எழுதுகிறேன்.

அக்டோபரில் விழுந்தேன். வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் போச்சு. உன் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஐந்தாம் நாள் நீ அத்தானோடு வந்தாய். கட்டில் பக்கத்தில் நின்றாய். உன் அத்தானிடம் சொன்னாய். "ரத்தத்துல நம்பர் வந்துடுச்சு அத்தான். அக்கா இனி எழுந்திருக்க மாட்டா. பயிற்சி வார்டெல்லாம் வேண்டாம். அவளைப் போட்டு அலைக்கழிக்காதீங்க."

கேட்டேன். வாய்தான் போச்சு. காது இருந்தது.

அவர் தலையாட்டினார். என்னை இந்தப் பராமரிப்பு இல்லத்தில் போட்டார். பச்சைச் சுவர். நாலு மாசம்.

அந்த நம்பர் என்ன? எழுது. போன் வேண்டாம். போனில் நீ அழுவாய். எனக்கு உன் அழுகை வேண்டாம். நம்பர் வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கவர் ஆய்வுக்கூடத்து மேசையில் கிடந்தபோது யாரோ சின்னப் பிள்ளை விலாசம் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே "பொடிசு" என்று பார்த்ததும் கடைசி வரிவரை நின்றபடியே படித்தேன். உன்னைத் தவிர யார் என்னை அப்படிக் கூப்பிடுவார்கள்? நீ எழுதுகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ.

கேட்டதால் சொல்கிறேன். மூளையில் ரத்தம் போகாமல் ஒரு பகுதி சாகும்போது, அந்தச் செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் கசிகிறது. எவ்வளவு கசிந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு செத்திருக்கிறது என்று தெரியும். நல்ல உடம்பில் அது பதினைந்தைத் தாண்டாது. எங்கள் முந்தைய ஆய்வில் நாற்பதுக்கு மேல் போனவர்களில் ஒருவர்கூட ஆறு மாதத்தில் எழுந்து நடக்கவில்லை.

உன்னுடையது அறுபத்தொன்று.

அக்கா, நான் உன் மேல் கோபத்திலோ அவசரத்திலோ அதைச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி வார்டில் ஆட்களை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள் நான். நிற்க வைப்பார்கள், விழ வைப்பார்கள், மறுபடி நிற்க வைப்பார்கள். எழுந்திருக்கப் போகிறவர்களுக்கு அது சரி. உனக்கு அது வெறும் வதை என்று நினைத்தேன். இருந்ததும் ஒரே ஒரு படுக்கை, வரிசையில் இன்னொருவர் காத்திருந்தார். இடது கையால் எழுதுவது பெரிய காரியம்தான். ஆனால் அது மூளையின் மறுபக்க வேலை. வலது கால் சில சமயம் தானாகத் துள்ளும். அதைப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. அப்புறம் ஏமாற்றம் தாங்காது.

வந்து பார்க்கவில்லை என்று நினைப்பாய். ஆறு மணி நேர ரயில், நூற்று நாற்பது பேரின் ரத்தம், இந்த வருடம் ஆய்வுக்கூடத் தலைமை எனக்கா இன்னொருவருக்கா என்று முடிவாகப் போகிறது. சாக்குத்தான், தெரியும்.

ஒரு சின்ன விஷயம். ஆறு மாதம் முடியும்வரை அந்த எண்ணை உறையில் மூடித்தான் வைத்திருக்க வேண்டும். டாக்டருக்குக்கூடச் சொல்லக்கூடாது. அக்கா என்பதால் மனசு கேட்காமல் அத்தானிடம் சொல்லிவிட்டேன். நீ யாரிடமும் வாய் திறக்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 26

பொடிசு,

வாய் திறக்காதே என்று எழுதியிருக்கிறாய். ஊமையிடம் சொல்கிற பேச்சா இது? போஸ்ட் மாஸ்டர் அம்மாவுக்கு உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி"ன்னு சொன்னாள். நாக்கில் நரம்பு செத்துப்போனது எனக்கு. நரம்பில்லாமல் பேசியது நீ.

இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் ஆனது. வராத வார்த்தைகளை அம்மா எடுத்துக் கொடுத்தாள். கோபம் முழுக்க என்னுடையது, அதில் அவளுக்குப் பங்கு இல்லை.

இங்கே எனக்குப் பயிற்சி இல்லை. எழுந்திருக்க மாட்டேன் என்று நீ சொன்னதால் என் அட்டையில் "புரட்டிப் படுக்க வைக்கவும்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து மூட்டையைப் புரட்டுவது போலப் புரட்டுவார்கள். ஆனால் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஃபிசியோ பெண் வருகிறாள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. அவள் அம்மாவிடம், "குதிகாலை அழுத்துங்க, விடுங்க, அழுத்துங்க, விடுங்க" என்பாள். நானும் போர்வைக்குள் அழுத்தினேன். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. விரல்கூட அசையவில்லை.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, எத்தனை பேரைச் சாவிலிருந்து நிறுத்தியிருக்கிறேன். பையன்கள் முதுகுக்குப் பின்னால் என்னை பிரேக்கம்மா என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாதா? கட்டிலின் கால்மாட்டுப் பலகைதான் பிரேக் என்று வைத்துக்கொண்டேன். எதிரே ஒருத்தி ரோட்டைக் கடக்கிறாள். வெள்ளைக் கோட்டு. கையில் ரத்த டியூப். உன் முகம். மிதிக்கிறேன்.

மிதிக்கிறேனா, மிதிக்காமல் விடுகிறேனா என்று தினமும் ஒரு சண்டை. எந்த நாளில் உன்னை இடித்துத் தள்ளிவிடுவது என்று ஆசையாக இருந்ததோ, அந்த நாளில்தான் முதல் தடவையாகப் பலகை கிறீச்சென்றது. அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து, "யாரு கதவைத் திறக்கிறது?"ன்னு கேட்டாள்.

அது தானாகத் துள்ளியதல்ல. நான் மிதித்தது.

தலையணைப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் 61 என்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அதைப் பார்க்கிறேன். ஏப்ரல் பதினாறாம் தேதி ஆறு மாதப் பரிசோதனை என்று உன் ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்திருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுவருவார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நடந்து வருவேன். உன் நம்பரை எல்லார் முன்னாலும் பொய்யாக்குவேன். அந்தத் தலைமை நாற்காலி உனக்குக் கிடைக்காமல் போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கூச்சமே இல்லை.

அக்கா


மார்ச் 5

அக்கா,

படித்தேன். என் முகத்தை நினைத்துக்கொண்டு காலை மிதிக்கிறாய் என்றால், நல்லது, மிதி. அந்த மட்டுக்காவது என்னால் உபயோகம்.

ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால் உலகத்திலேயே யாரும் யாருக்கும் எண் போட்டதில்லை என்று தோன்றும். நான் ஒன்று ஞாபகப்படுத்தட்டுமா?

உன் டிரைவிங் ஸ்கூல் ரெஜிஸ்டர். நீல அட்டை. புதிதாகச் சேர்கிறவனை உட்கார வைத்துக் கால் மணி நேரம் ஓட்டச் சொல்வாய். இறங்கியதும் அவன் பெயருக்கு எதிரே எத்தனை நாளில் தேறுவான் என்று எழுதுவாய். பதினெட்டு, இருபத்தைந்து, நாற்பது. நீ எழுதினால் எழுதியதுதான் என்று ஊரே பேசும். நான் உன்னிடம் கற்றுக்கொள்ள வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பின் இருக்கையில் உன்னிடம் படிக்கிற பையன்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கிளட்சை விட்டதும் வண்டி குதித்து நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. மூன்றாம் தடவை ஒரு தபால் பெட்டியை உரசினேன். நீ பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பி, அந்த மூன்று பேரிடம் சொன்னாய்: "இவ இந்த ஜென்மத்துல ஓட்ட மாட்டா. இவளுக்கு ஒரு பஸ் பாஸ் வாங்கிக் கொடுங்க." சிரித்தார்கள். அதில் ஒருவனை எனக்குப் பிடித்திருந்தது, அது உனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் எண். எனக்குப் பெருக்கல் குறி.

பத்தொன்பது வருடமாக பஸ்ஸில் போகிறேன். மழையில், காய்ச்சலில், எங்கள் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுவந்த அன்று பார்க்க ஓடி வந்தபோதும் பஸ்தான். இரண்டு பஸ் மாறி. நீ என்னை எடைபோட எடுத்துக்கொண்டது கால் மணி நேரம். நான் உன்னை எடைபோட நூறு பேரின் முந்தைய கணக்கை வைத்துக்கொண்டேன். என் எடை உன் எடையைவிடச் சுத்தமானது. அதைப் பொய்யாக்கப் போகிறாய் என்றால் வா, வந்து பொய்யாக்கு. எனக்கு மட்டும் நீ படுத்தே கிடக்க வேண்டும் என்று ஆசையா?

நாற்காலி எனக்குக் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வதை மட்டும் விட்டுவிடு. கேட்கச் சின்னத்தனமாக இருக்கிறது.

பொடிசு


மார்ச் 14

பொடிசு,

பெருக்கல் குறி போட்டது உண்மை. மறைக்கவில்லை. அந்தத் தபால் பெட்டி இன்னும் அங்கேயே சாய்ந்துதான் நிற்கிறது. ஆனால் நான் உன்னைக் காரிலிருந்து இறக்கிவிட்டேன். நீ என்னைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாய். இரண்டும் ஒன்றா என்று உன் நூறு பேரைக் கேட்டுப் பார்.

நேற்று கட்டில் கம்பியைப் பிடித்து நின்றேன். பதினொன்று எண்ணும்வரை. ஃபிசியோ பெண் பார்த்துவிட்டாள். "உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"ன்னு கேட்டாள். கட்டைக்குரலில், "கோ... பம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இனிமேல் எனக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அட்டையில் எழுதாமல்.

சுத்தமான எடை என்று எழுதினாய். அதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. அந்த ரத்தத்தை எடுத்தது நர்ஸ் இல்லை. நீ. இரண்டாம் நாள். நர்ஸ் ஊசியோடு வந்தாள். "எங்க அக்கா, நானே எடுக்கிறேன்" என்று அவளைத் தள்ளிவிட்டாய். குழந்தைகளுக்குக் குத்துகிற ஊசி, நூல் மாதிரி. உன் கை நடுங்கியது. ரத்தம் வரவில்லை. வரவில்லை என்று சிரிஞ்சை இழுத்தாய், இழுத்தாய். எனக்கு வலித்தது. சொல்ல வாய் இல்லை. அப்புறம் டியூபுக்குள் ஒரே அழுத்தாக அழுத்தினாய். லிஃப்ட் ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். டியூபை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியில் ஓடினாய். உன் செருப்புச் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது.

அவ்வளவு ஆசையாக என் ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஐந்தாம் நாள் அப்படிப் பேசினாள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு பதிவேடுகள் இருக்கும் அலமாரிக்குப் போய் அக்டோபர் நோட்டை எடுத்தேன். எதைப் பார்க்கப் போகிறேன் என்று எடுக்கும்போதே தெரியும்.

விளங்கும்படி எழுதுகிறேன். மூளைச் செல்லில் இருக்கிற அந்தப் புரதம் சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. மெல்லிய ஊசியில் பலமாக இழுத்தால், டியூபைக் குலுக்கினால், சிவப்பணுக்கள் உடைந்து அதுவும் வெளியே வந்துவிடும். அப்புறம் எது மூளையிலிருந்து வந்தது, எது டியூபில் உடைந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. அப்படி உடைந்ததா என்று கண்ணாலேயே சொல்லலாம். இயந்திரத்தில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். சிவப்புச் சாயல் இருந்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இது முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடம்.

உன் வரிசைக்கு எதிரே என் கையெழுத்தில் பென்சிலால் "லேசான இளஞ்சிவப்பு" என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பேனாவால் "ஏற்கப்பட்டது."

நான்தான் அக்கா. இன்னொரு தடவை உன்னைக் குத்த மனசு வரவில்லை. உன் கை முழுக்க நீலமாக இருந்தது. லேசாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் டியூபாக இருந்தால் கொட்டியிருப்பேன். அறுபத்தொன்று உன் மூளையின் எண் அல்ல. என் கை நடுக்கத்தின் எண். உன் உண்மையான எண் என்ன என்று யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

எழுத ஆரம்பித்தபிறகு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அத்தானிடம் அந்த எண்ணைச் சொன்னபோது நான் அழுதேன், அது நடிப்பில்லை. ஆனால் அழுகைக்கு அடியில் சின்னதாக ஒரு இனிப்பு இருந்தது. இப்போது எண் எழுதுகிறவள் நான், இவளால் முடியாது என்று சொல்கிறவள் நான். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி என்ன செய்வது என்று யோசித்தேன். டியூப் கெட்டது என்று குறித்துவிட்டால் உன் பெயர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும். அது பொய்யில்லை, விதியே அதுதான். நீ பதினாறாம் தேதி அலைய வேண்டாம். என் ஆய்வுக்கும் பழுதில்லை. எண்ணை வெளியே சொன்னதும் யாருக்கும் தெரியாமல் போகும். உனக்கு இங்கே பயிற்சி வார்டில் இடத்துக்கு நானே அலைந்து ஏற்பாடு செய்கிறேன். சத்தியமாகச் செய்கிறேன். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

பொடிசு


மார்ச் 30

பொடிசு,

கிழிக்கவில்லை. போஸ்ட் மாஸ்டர் அம்மா நாற்பது வருடம் அடுத்தவர் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். கவரைத் தன் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

முதல் தடவை என்னைக் கட்டிலோடு சேர்த்து மறைத்தாய். இப்போது பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டால் நான் விழவும் இல்லை, எழவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன்னைப்போல ஆள் இல்லை. இந்தச் சோற்றைச் சாப்பிட மாட்டேன்.

நேற்று உன் அத்தான் வந்தார். வழக்கம்போலக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன், கட்டில் காலி. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. செத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். "இ... ங்க" என்றேன். கையிலிருந்த ஃபிளாஸ்க் விழுந்து டீ எல்லாம் தரையில். அவரைத் திட்ட ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. பாவம், உன் படிப்பை நம்பிய மனுஷன். வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்.

பதினாறாம் தேதிவரை உனக்குத் தவணை. உன் பெரிய டாக்டரிடம் நீயே போய்ச் சொல். டியூபை மட்டுமில்லை, அத்தானிடம் சொன்னதையும். சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். என் நாக்குக்கு ஒரு வரிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் உட்கார்ந்து கேட்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

நான் சொல்லவில்லை. பதினேழு நாள் இருந்தது. தினமும் அவர் அறைக் கதவுவரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, வர வேண்டாம் என்று தாளும் அனுப்பினேன். நீ வரமாட்டாய் என்று நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்கிற பூனை நான்தான்.

நீ வந்தாய். கைத்தடியோடு அந்த நீள நடையை நடந்ததை இரண்டாம் மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிசோதிக்கிற டாக்டருக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. நடக்கச் சொன்னார், பேனாவை எடுக்கச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். அதை வைத்து ஒரு மதிப்பெண் போடுவார்: பூஜ்யம் என்றால் ஒன்றும் நடக்காத மாதிரி, ஆறு என்றால் ஆளே இல்லை. உனக்கு நான் மனசுக்குள் போட்டது ஐந்து. அவர் போட்டது மூன்று. எனக்கு ஓடிவந்து உன் காலைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பெரிய டாக்டர், "இவங்க லிஸ்ட்லயே இல்லையே, யாரு வரச் சொன்னது?"ன்னு கேட்டார். அப்போதுதான் நீ பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தாய்.

நாற்பது நிமிடம். நீளமேசையைச் சுற்றி ஏழு பேர். "இளஞ்சிவப்பு" உன் நாக்கில் நான்கு தடவை இடறியது. ஒரு சின்ன டாக்டர், "குடுங்க, நான் படிக்கிறேன்" என்றபோது ஒரு விரலைத் தூக்கினாய், அவர் உட்கார்ந்துவிட்டார். நீ கார் ஓட்டுகிறவனை நிறுத்துகிற அதே விரல். டியூபைப் பற்றிப் படித்தாய், சரி. அத்தானிடம் சொன்னதைப் படித்தாய், அதுவும் சரி. அந்த இனிப்பு வரியை விட்டிருக்கலாம். அத்தான் கதவருகே நின்றுகொண்டிருந்தார். என்னை அவர் பார்த்த பார்வையை நான் இன்னும் துடைத்துப் போட முடியவில்லை.

நடந்தது இதுதான். என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். நாற்காலி இன்னொருவருக்கு. எல்லா டியூபையும் மறுபடி பார்த்ததில் இளஞ்சிவப்பாக இருந்தும் ஏற்கப்பட்டவை உன்னுடையதோடு பதினொன்று. மற்ற பத்து என்னுடையதல்ல, ஆனால் யார் நம்புவார்கள்? நாற்பது என்ற கோட்டையே மறுபடி போடப்போகிறார்கள். நான் இப்போது கீழே ரத்தம் எடுக்கிற கவுன்டரில். காலை ஏழிலிருந்து வரிசை. ஒரு நாளைக்கு எண்பது கை. மெதுவாக எடுக்கிறேன்.

நீ வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. திருப்தியா?

பொடிசு


மே 2

பொடிசு,

திருப்திதான். பொய் சொல்ல மாட்டேன். அந்த இனிப்பு வரியைத்தான் ஒன்பது நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகினேன். மற்ற வரிகள் இடறினால் இடறட்டும், அது மட்டும் சுத்தமாக வர வேண்டும் என்று. வந்தது. அத்தானோடு ரயிலில் திரும்பினேன். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி வழி சிரித்துக்கொண்டு வந்தேன், ஒரு பக்க வாயால்.

இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் கால் மிதிக்கவில்லை.

ஃபிசியோ பெண் வீட்டுக்கு வருகிறாள். எடை பார்க்கிற மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, உட்கார்ந்தபடி வலது காலால் அழுத்தச் சொல்வாள். உன் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பு பதினெட்டு கிலோ அழுத்தினேன். இப்போது பன்னிரண்டு. நேற்று பத்து. "மனசு வைங்க"ங்கிறாள். மனசு வைத்துப் பார்த்தேன். உன் வெள்ளைக் கோட்டை ரோட்டில் நடக்க விட்டுப் பார்த்தேன். கவுன்டரில் உட்கார்ந்து எண்பது கையைத் தடவுகிற உன்னை யார் இடிப்பார்கள்? கால் கம்மென்று கிடக்கிறது. பழி தீர்த்த கையோடு காலும் படுத்துவிட்டது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று கற்பனை பண்ணிக்கொள்ளாதே. அஞ்சு மாசப் பச்சைச் சுவர் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அது போகாது. உன் மேல் எனக்கு இன்னும் பாக்கி உண்டு, அதை வேறு விதமாக வாங்கப் போகிறேன்.

கார் ஷெட்டில் உறை போட்டு நிற்கிறது. பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டேன். என்னை ஓட்ட விடமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் உட்காரலாம். நிஜமான பிரேக்கு, நிஜமான ஆபத்து இருந்தால்தான் இந்தக் கால் கேட்கும். யோசித்துப் பார்த்தேன். என் இருபத்திரண்டு வருடத்தில் உன்னைவிட மோசமாக ஓட்டியவள் ஒருத்தியும் கிடையாது.

சனிக்கிழமை ரயில் ஏறு. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மெல்லிய அடி வைத்த செருப்பு போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வா. முதலில் பின்னால் இருக்கிற காலி மைதானம். அப்புறம் ரோடு. அந்தத் தபால் பெட்டி இருக்கிற அதே ரோடு. எல்லா ஞாயிறும் வர வேண்டும். வராவிட்டால் நீ பயந்துவிட்டாய் என்று ஊரெல்லாம் சொல்வேன், இப்போது எனக்குப் பேச்சு வருகிறது.

நீல ரெஜிஸ்டரை எடுத்தேன். உன் பெயருக்கு எதிரே இருந்த பெருக்கல் குறியை அழித்தேன். எண் எதுவும் போடவில்லை. இனி யாருக்கும் போடுவதாக இல்லை.

ஓட்டுகிற இருக்கை உனக்கு. பிரேக் என் பக்கம், என் வலது காலின் கீழ். நீ அறுபத்தொன்று என்று எழுதி மூடிய அதே கால். அது பிடிக்குமா, பிடிக்காதா என்று உனக்கு முன்கூட்டியே சொல்ல மாட்டேன். ஏறி உட்கார்ந்து தெரிந்துகொள்.

அக்கா